சேங்கொட்டை: துணியில் அழியாத குறி, தோலில் ஆறாத கொப்புளம்

சலவைத் தொழிலாளர்கள் துணியில் குறி போடப் பயன்படுத்திய கருங்கொட்டை எந்த மரத்தினுடையது, அது முந்திரிக்கு உறவு என்பது மெய்தானா, நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அந்தக் கொட்டையை வாங்கி வீட்டிலேயே மருந்து செய்து சாப்பிடலாமா என்று மூன்று கேள்விகளைக் கேட்டிருக்கிறீர்கள். மூன்றாவது கேள்விக்கு மட்டும் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கூடாது. ஏன் கூடாது என்பது முதல் இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிறகு தானாகவே விளங்கும். ஏனென்றால் இந்த மரத்தைப் பற்றிச் சொல்லத்தக்கவை பெரும்பாலும் அதன் கொட்டை ஓட்டுக்குள் இருக்கும் ஒரே ஒரு கருநிறச் சாற்றிலிருந்துதான் தொடங்குகின்றன.

நீங்கள் கேட்கும் மரம் சேங்கொட்டை மரம். சேராங்கொட்டை என்றும் சொல்வார்கள். தாவரவியல் பெயர் செமிகார்ப்பஸ் அனகார்டியம். மா, முந்திரி ஆகியவை அடங்கிய அனகார்டியேசி குடும்பத்தைச் சேர்ந்தது. ஆகவே முந்திரிக்கு உறவு என்பது மெய்தான், அதுவும் தூரத்து உறவு அன்று. இமயமலையின் அடிவாரத்திலிருந்து தெற்கே நம்முடைய மலையடிவாரக் காடுகள் வரையில், இந்தியாவின் வெப்பமான இலையுதிர் காடுகளில் இது பரவலாக வளர்கிறது. பத்து முதல் பதினைந்து மீட்டர் உயரம் வரை வளரும் நடுத்தர மரம். இலைகள்தாம் முதலில் கண்ணில் படும். கிளை நுனிகளில் நெருக்கமாக அமைந்த அவை தடித்துத் தோல்போல இருக்கும். ஒரு முழத்தையும் தாண்டி நீளும் இலைகளும் உண்டு. நுனிப்பக்கம் அகன்று அடிப்பக்கம் ஒடுங்கிய அந்த இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்புறம் சாம்பல் பூத்தாற்போல வெளிறியிருக்கும். கோடையில் இலைகள் உதிர்ந்துவிடும். மழைக்காலத்தையொட்டிச் சிறிய, பச்சை கலந்த வெண்ணிறப் பூக்கள் கொத்துக் கொத்தாகத் தோன்றும். பெரும்பாலும் ஆண் பூக்களும் பெண் பூக்களும் வெவ்வேறு மரங்களில் இருப்பதால் எல்லா மரமும் காய்ப்பதில்லை. காய்கள் குளிர்காலத்தில் முற்றும்.

காயின் அமைப்பைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். முந்திரிப் பழத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. முந்திரியில் நாம் பழம் என்று சொல்வது உண்மையில் கனி அன்று. பூவைத் தாங்கிய காம்பின் நுனி சதைப்பற்றோடு பருத்ததுதான் அந்தப் 'பழம்'. உண்மையான கனி அதன் அடியில் தொங்கும் கொட்டை. சேங்கொட்டையிலும் இதே ஏற்பாடுதான், அளவில் மட்டும் சிறியது. ஆரஞ்சு நிறமும் சிவப்பும் கலந்த சதைப்பற்றுள்ள ஒரு சிறு கிண்ணம். அதன்மேல் ஏறத்தாழ ஓர் அங்குல நீளத்தில், சற்றே கோணலான முட்டை வடிவில், பளபளக்கும் கருங்கொட்டை. கிண்ணம் போன்ற பகுதியை நன்றாகப் பழுத்தபின் தின்னலாம். பச்சையாகத் தின்றால் துவர்ப்பும் நாக்கரிப்பும் இருக்குமென்பதால் காட்டோர மக்கள் அதைச் சுட்டோ உலர்த்தியோ உண்கிறார்கள். கொட்டையின் நடுவே இருக்கும் பருப்பும் உண்ணத்தக்கது. உண்ணத்தக்க இந்த இரண்டுக்கும் இடையே, தேனடைபோல அறையறையாக அமைந்த ஓட்டில், தோலைப் புண்ணாக்கும் சாறு நிறைந்திருக்கிறது. இளங்காயில் பால்போல் வெளுத்திருக்கும் சாறு, காய் முற்றும்போது கறுத்து எண்ணெய்போல் ஆகிவிடுகிறது. விதையைத் தின்ன வரும் உயிர்கள் ஓட்டைக் கடித்தால் வாய் வெந்துபோகும். சதையை மட்டும் தின்றுவிட்டுக் கொட்டையைப் போட்டுவிட்டால் மரத்திற்கும் நன்மை, தின்றவருக்கும் நன்மை.

பெயரைப் பற்றி ஒன்று சொல்லாமல் கடக்க எனக்கு மனம் வரவில்லை. சேங்கொட்டை என்ற சொல்லை 'செங்கொட்டை' என்பதன் திரிபாகக் கருதி, சிவந்த கொட்டை என்று பொருள் சொல்பவர்கள் இருக்கிறார்கள். கொட்டையோ கன்னங்கரேலென்று இருக்கிறது. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தில் "சே என் மரப்பெயர் ஒடுமர இயற்றே" என்று ஒரு நூற்பா வருகிறது. சே என்னும் மரப்பெயருக்குப் பின் வல்லெழுத்து வந்தால், ஒடு என்னும் மரப்பெயரைப் போலவே இடையில் மெல்லெழுத்து மிகும் என்பது அதன் கருத்து; உரைகாரர்கள் 'சேங்கோடு' என்று எடுத்துக்காட்டுத் தருவார்கள். சே, கொட்டை என்ற இரண்டு சொற்கள் சேரும்போது நடுவில் 'ங்' தோன்றிச் சேங்கொட்டை ஆவது அந்த விதிப்படி சரியாகவே அமைகிறது. தொல்காப்பியர் சொன்ன சே இந்த மரமே என்று கொள்வதற்கு அண்டை மொழிகளும் துணை நிற்கின்றன. மலையாளத்தில் இவ்வகை மரங்களுக்குச் சேர் என்று பெயர். கன்னடத்தில் கேரு, கேர். தமிழின் செவி கன்னடத்தில் கிவி என்று வழங்குவதைப் போல, தமிழின் சகரத்திற்கு அங்கே ககரம் நிற்பது வழக்கமான மாற்றம். ஆகவே சே என்பது நிறத்தைச் சொல்லும் அடைமொழி அன்று, மரத்தின் பழைய பெயர் என்பதே என் முடிவு. தென்காசிப் பக்கத்துச் செங்கோட்டைக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்; அது கோட்டை, இது கொட்டை.

முந்திரியோடு உள்ள உறவை நம் மக்கள் தாவரவியலாளர்களுக்காகக் காத்திராமல் தாங்களே கண்டுகொண்டார்கள் என்பதற்குப் பெயர்களே சான்று. முந்திரி பிரேசிலைச் சேர்ந்த மரம். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியாக நம் மேற்குக் கடற்கரைக்கு வந்தது. தெலுங்கு பேசுவோர் தாங்கள் ஏற்கெனவே அறிந்திருந்த சேங்கொட்டையின் பெயரான ஜீடி என்பதைக் கொண்டே புதிய மரத்துக்கு ஜீடிமாமிடி, அதாவது சேங்கொட்டை மா, என்று பெயர் வைத்தார்கள். கன்னடத்தில் முந்திரிக்கும் கேரு என்ற பெயரே சென்று சேர்ந்தது. ஐரோப்பாவிலும் இதேதான் நடந்தது. அனகார்டியம் என்ற சொல்லுக்கு இதயம் போன்றது என்று பொருள். இடைக்கால ஐரோப்பிய மருந்துக் கடைகளில் அந்தப் பெயரால் விற்கப்பட்டது நம் சேங்கொட்டைதான். பிறகு முந்திரி வந்தபோது அதற்கும் அப்பெயர் ஒட்டிக்கொண்டது. தாவரங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ் 1753-இல் முந்திரிக்கு 'மேற்கத்திய அனகார்டியம்' என்னும் பொருளில் அனகார்டியம் ஆக்ஸிடென்டாலே என்று பெயரிட்டார். பெயருக்கு முதல் உரிமை உடைய சேங்கொட்டைக்கோ, அவருடைய மகனான இளைய லின்னேயஸ் செமிகார்ப்பஸ் என்ற புதிய பேரினத்தை அமைத்து, பழைய பெயரை இரண்டாம் இடத்தில் வைத்தார். செமிகார்ப்பஸ் என்றால் கிரேக்க மொழியில் குறி போடும் கனி. நம் ஊர்ச் சலவைத் துறைகளில் நடந்த வேலை இப்படி அறிவியல் பெயராகவே நிலைத்துவிட்டது.

அந்த வேலையை இன்றைய தலைமுறை பார்த்திருக்க வாய்ப்பில்லை என்பதால் விளக்குகிறேன். பத்து வீட்டு வெள்ளைத் துணிகள் ஒரே மூட்டையில் துறைக்குப் போய் ஒரே வெள்ளாவியில் வேகும். எது யாருடையது என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி உண்டு: இரண்டு புள்ளி, புள்ளியும் கோடும், சிலுவைக் குறி, மூன்று கோடு என்று. கொட்டையைக் கூரான குச்சியாலோ ஊசியாலோ குத்தினால் நுனியில் சாறு ஒட்டிக்கொள்ளும். அதைச் சட்டையின் கழுத்துப் பட்டியின் உட்புறத்திலோ வேட்டியின் ஓரத்திலோ தொட்டு வைத்து, அதன்மேல் சுண்ணாம்பைத் தடவினால் பழுப்புக் குறி கறுத்து இறுகிவிடும். உவர்மண்ணும் காரமும் சேர்த்து ஆவியில் வேகவைத்தாலும், கல்லில் அடித்துத் துவைத்தாலும் துணிதான் நைந்து போகுமே தவிரக் குறி போகாது. எழுத்துப் படித்திராதவர்கள் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்த மனிதர்கள், நூற்றுக்கணக்கான வீடுகளின் கணக்கை இந்தக் குறிகளைக் கொண்டு பிசகாமல் நடத்தினார்கள்.

சாறு ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்பதற்கு விளக்கம் உண்டு. அதில் உள்ள முதன்மைப் பொருளுக்குப் பிலவனால் என்று பெயர். இந்திப் பெயரான பிலாவா என்பதிலிருந்து வந்தது. இது கேட்டகால் வகைச் சேர்மம்: ஒரு பென்சீன் வளையத்தில் அடுத்தடுத்து இரண்டு ஹைட்ராக்ஸில் தொகுதிகள், அவற்றோடு பதினைந்து கார்பன் அணுக்கள் கொண்ட நீண்ட வால். காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேரும்போது, குறிப்பாகச் சுண்ணாம்பின் காரத்தன்மை உடனிருக்கும்போது, இந்த மூலக்கூறுகள் ஆக்சிஜனேற்றம் பெற்று ஒன்றோடொன்று பிணைந்து, நீரில் கரையாத கருநிறப் பூச்சாகிவிடுகின்றன. நீண்ட வால் எண்ணெய்த் தன்மை உடையதால் சாறு தண்ணீரோடு கலப்பதில்லை. சாராயத்திலும் எண்ணெயிலும் கரையும். ஜப்பானியர் மரப்பாத்திரங்களுக்குப் பூசும் புகழ்பெற்ற உருஷி அரக்கும், அமெரிக்கக் காடுகளில் நடப்பவர்கள் அஞ்சும் நச்சுப்படர்கொடியின் பாலும் இதே குடும்பத்து மரஞ்செடிகளில் தோன்றும் உருஷியால் என்ற இதே வகைப் பொருளால் ஆனவை. முந்திரி ஓட்டு எண்ணெயில் இருக்கும் கார்டால், அனகார்டிக் அமிலம் ஆகியவையும் இவற்றுக்கு நெருங்கிய உறவு. முந்திரி உடைக்கும் பெண்களின் விரல்கள் வெந்து கறுத்திருப்பதைப் பண்ருட்டிப் பக்கம் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

தோலில் பட்டால் நடப்பதும் ஏறத்தாழ இதே பிணைப்புத்தான். எண்ணெய்த் தன்மையால் சாறு தோலுக்குள் எளிதாக இறங்குகிறது; அங்கே தோலின் புரதங்களோடு பிணைகிறது. அப்படிப் பிணைந்த புரதத்தை உடலின் தற்காப்பு அணுக்கள் அந்நியப் பொருளாகக் கருதி நினைவில் வைத்துக்கொள்கின்றன. முதல் முறை பட்டபோது ஒன்றும் ஆகாதவருக்கு அடுத்த முறை படும்போது ஓரிரு நாளில் தடிப்பும் அரிப்பும் நீர்க்கொப்புளமும் தோன்றுவது இதனால்தான். 'எனக்குப் போன தடவை ஒன்றும் செய்யவில்லையே' என்று துணிச்சல் கொள்வது தவறு என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். ஒரு முறை உடல் இப்படி நினைவில் வைத்துக்கொண்டுவிட்டால், மாங்காய்ப் பால், முந்திரி ஓடு போன்ற உறவுப் பொருள்களும் அதே அரிப்பைக் கொடுக்கக்கூடும்.

இந்த ஒவ்வாமை உலகறிந்தது இரண்டாம் உலகப் போரின்போது. இந்தியாவில் தங்கியிருந்த அமெரிக்கப் படைவீரர்களுக்குப் பின்கழுத்திலும் இடுப்பிலும் காரணம் தெரியாத சொறி வந்தது. சலவைக்குப் போய்வந்த உடைகளில் குறி இருந்த இடத்துக்கு நேராகவே புண் இருப்பதைப் படை மருத்துவர்கள் கவனித்து, சேங்கொட்டைச் சாறுதான் காரணம் என்று 1943-இல் மருத்துவ இதழில் எழுதினார்கள். துவைத்து உலர்ந்த குறியிலும் ஒவ்வாமையைத் தூண்டும் அளவுக்குச் சாறு எஞ்சியிருக்கிறது என்பதே இதில் வியப்பான செய்தி. ஆங்கிலேயர்கள் 'டோபி இட்ச்' என்று சொல்லிவந்த தொடையிடுக்குப் படர்தாமரை இதனோடு குழப்பப்படுவதுண்டு. அது பூஞ்சையால் வருவது. பெயரில் சலவைத் தொழிலாளியை இழுத்தது அநியாயம். குறியால் வந்த சொறி மட்டுமே மெய்யாகத் துறையிலிருந்து வந்தது.

இன்னொரு பயனும் உண்டு; அதைப் பயன் என்று சொல்வது பொருந்தாது என்றாலும், இந்திய நீதிமன்ற மருத்துவப் பாடநூல்களில் சேங்கொட்டைக்குத் தனியிடம் கிடைத்ததற்கு அதுவே காரணம். பகையாளிமேல் பொய்வழக்குப் போட விரும்பியவர்கள் தங்கள் உடலில் இந்தச் சாற்றைத் தடவி, அடிபட்ட கன்றல் என்று காட்டினார்கள். மருத்துவர் இதை எப்படிக் கண்டுபிடிப்பார் என்பதும் அந்தப் பாடத்திலேயே இருக்கிறது. பொய்க்கன்றல் எப்போதும் தன் கைக்கு எட்டும் இடத்திலேயே இருக்கும், ஓரங்களில் சிறு கொப்புளங்கள் தெரியும், அரிக்கும், சொறிந்த விரல் நுனியிலும் அதே தடிப்பு வந்திருக்கும். உண்மையான கன்றல் நாளாக ஆக நீலம், பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறும், இது மாறாது. பொய் சொன்னவரின் விரலையே சாட்சியாக்கும் பொருள் வேறெதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

இனி மருந்துக்கு வருகிறேன். வடமொழியில் பல்லாதகம் என்று பெயர்; அதுவே தமிழ் மருத்துவத்தில் வல்லாதி, வல்லாதகி என்று வழங்குகிறது. சித்த மருத்துவத்தில் சேராங்கொட்டை நெய், இடிவல்லாதி மெழுகு, நந்தி மெழுகு, இரசகந்தி மெழுகு முதலியவற்றில் இது சேர்கிறது. தோல் நோய், வாதம், கட்டிகள் போன்றவற்றுக்கு அவை சொல்லப்படுகின்றன. பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையில் காயகற்பப் பகுதியிலேயே பல்லாதகத்துக்கு இடமுண்டு. அங்கே சொல்லப்பட்ட முறையைப் பார்த்தால் அந்தக் காலத்தவர் இதை எவ்வளவு அச்சத்தோடு கையாண்டார்கள் என்பது தெரியும். பத்துக் கொட்டைகளில் தொடங்கி நாளுக்கு ஒன்றாகக் கூட்டி முப்பதில் நிறுத்தி, மீண்டும் ஒவ்வொன்றாகக் குறைக்க வேண்டும். கொட்டையை அப்படியே விழுங்குவதில்லை, இடித்து நீரில் காய்ச்சி வற்றவைத்த கியாழத்தைப் பாலோடு குடிப்பது. குடிப்பதற்கு முன் வாயின் உட்புறம் முழுதும் நெய் பூசிக்கொள்ள வேண்டும். அக்காலத்து உடலுக்கும் பயிற்சிக்கும் உரிய அந்தக் கணக்கை இன்று எவரும் தம்மீது சோதித்துப் பார்க்கலாகாது.

இதைவிட முக்கியமானது சுத்தி, அதாவது மருந்தில் சேர்ப்பதற்கு முன் நச்சைக் குறைக்கும் பக்குவம். எந்த மரபிலும் சேங்கொட்டையைச் சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்ப்பதில்லை. காம்போடு ஒட்டியிருந்த மூக்கை அரிந்து நீக்குவார்கள். பிறகு செங்கல் தூளோடு சேர்த்துத் துணிப்பையில் இட்டுத் தேய்ப்பது ஆயுர்வேதத்தில் நன்கறிந்த முறை. ஓட்டில் கசியும் எண்ணெயைச் செங்கல் தூள் குடித்துக்கொள்ளும், பின்னர் வெந்நீரில் கழுவுவார்கள். செய்பவர் கை முழங்கை வரை தேங்காயெண்ணெய் பூசிக்கொள்வார். இத்தனைக்குப் பிறகும் மருந்து உண்பவர் வெயிலிலும் நெருப்பருகிலும் இருக்கக்கூடாது என்று பத்தியம் விதிப்பார்கள். இந்தியாவின் 1945-ஆம் ஆண்டு மருந்துகள் விதிகளில் சித்த, ஆயுர்வேத மருந்துகளில் சேரும் நச்சுப்பொருள்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் சேராங்கொட்டையும் உண்டு, அது சேர்ந்த மருந்தின் மேலுறையில் மருத்துவர் மேற்பார்வையில் உண்ண வேண்டும் என்ற எச்சரிக்கையை அச்சிட்டாக வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் நூறு கிராம் பொட்டலமாக எளிதில் கிடைப்பது, அது எளிய பொருள் என்பதற்குச் சான்றாகாது. பூந்திக்கொட்டை, தேற்றாங்கொட்டை ஆகியவற்றோடு ஒரே அடுக்கில் இருப்பதால் மூன்றையும் ஒரே இனமாக நினைத்துவிடுகிறார்கள். நினைவிருக்கட்டும், அவை வேறு மரங்கள், வேறு குணங்கள்.

அளவு மீறுவதன் ஆபத்தைப் பற்றி ஒரு பழங்கதையும் உண்டு. அரபு மொழியில் இந்தக் கொட்டைக்குப் பலாதுர் என்று பெயர்; நினைவாற்றலைப் பெருக்கும் என்று அங்கே நம்பினார்கள். ஏறத்தாழ 892-இல் பாக்தாதில் இறந்த வரலாற்றாசிரியர் அல்-பலாதுரியின் பெயரே இதிலிருந்து வந்தது. நினைவு கூர்மையாக வேண்டுமென்று அளவு மீறிக் குடித்துப் புத்தி பேதலித்து இறந்தார் என்று மரபுச் செய்தி சொல்கிறது. குடித்தது அவரா, அவருடைய பாட்டனாரா என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு.

உணவாகப் பருப்புக்குத்தான் மதிப்பு அதிகம். ஓட்டை நீக்கி எடுத்த சேங்கொட்டைப் பருப்பு மராட்டியப் பகுதியில் கோடம்பி என்ற பெயரில் உலர்பருப்புகளோடு விற்கிறது. பிரசவித்த பெண்களுக்குக் குளிர்காலத்தில் செய்து கொடுக்கும் பிசின் லட்டில் அதைச் சேர்ப்பார்கள். முழுக் கொட்டைக்கு அங்கே பிப்பா என்று பெயர். எலுமிச்சையும் பச்சை மிளகாயும் கோத்துக் கடை வாசலிலும் வண்டியிலும் திருஷ்டிக்குத் தொங்கவிடும் கயிற்றின் அடியில் கறுப்பாக ஒன்று தொங்குமே, அது பல இடங்களில் பிப்பாதான். சத்தீஸ்கர் உழவர்கள் ஹரேலி என்னும் ஆடி அமாவாசைப் பண்டிகையன்று இந்த மரத்தின் கிளைகளை நெல்வயலில் நட்டு வைக்கிறார்கள். பயிருக்குத் தீங்கு அண்டாது என்பது நம்பிக்கை. இவை தவிர, வண்டி அச்சுக்கு மசகாகவும், மரத்தைக் கறையான் அரிக்காமல் காக்கும் பூச்சாகவும், ஓடங்களின் பலகை இடுக்கை அடைக்கவும் சாறும் எண்ணெயும் பயன்பட்டிருக்கின்றன.

இந்த மரத்தை மரவேலைக்கு எவரும் விரும்புவதில்லை. மென்மையான மரம் என்பது ஒரு காரணம். வெட்டும்போது தெறிக்கும் பாலுக்கு அஞ்சி மரவெட்டிகள் கோடரியை எடுக்க மறுப்பார்கள் என்பது அதைவிடப் பெரிய காரணம். விறகுக்காகக் காடு அழிந்த இடங்களிலும் சேங்கொட்டை மரம் தனியே நிற்பதைப் பார்க்கலாம். ஆனால் அதன் உறவினங்கள் எல்லாவற்றுக்கும் இந்தப் பாதுகாப்பு இல்லை. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் கத்தலேகான் என்னும் நன்னீர்ச் சதுப்புக் காட்டில் கண்டறியப்பட்டு, 2000-இல் செமிகார்ப்பஸ் கத்தலேகானென்சிஸ் என்று பெயரிடப்பட்ட இனம் அழிவின் விளிம்பில் உள்ளது. அங்கே மரம் வெட்டுவதைவிட, சதுப்பு நிலம் பாக்குத் தோட்டமாகவும் வயலாகவும் மாறுவதே ஆபத்து. இலங்கையின் ஈரக்காடுகளிலும் இந்தப் பேரினத்தைச் சேர்ந்த, வேறெங்கும் இல்லாத இனங்கள் பல உள்ளன. சிங்களத்தில் அவற்றைப் பதுல்ல என்பார்கள்.

நீங்கள் கொட்டையை ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பதாக எழுதியிருப்பதால் கடைசியாக இது. குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில், மூடிய கண்ணாடிப் புட்டியில் வையுங்கள். உடைக்காதீர்கள், அடுப்பிலோ குப்பை எரிக்கும் இடத்திலோ போடாதீர்கள், புகையும் முகத்தையும் கண்ணையும் வீங்க வைக்கும். சாறு கையில் பட்டுவிட்டால் தாமதிக்காமல் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பலமுறை கழுவுங்கள், நகக்கண்களையும் சேர்த்து. அதற்கு முன் அந்தக் கையால் முகத்தைத் தொடாதீர்கள். கொப்புளம் கண்டுவிட்டால் உடைக்காமல் மருத்துவரிடம் போங்கள். துணியில் குறி போட்டுப் பார்க்க வேண்டும் என்ற ஆசை மட்டும்தான் என்றால், கையுறை அணிந்து, உடுத்தாத பழைய துணித் துண்டில் ஒரு புள்ளி வைத்து, சுண்ணாம்பு தடவி ஒரு நாள் விட்டுத் துவைத்துப் பாருங்கள்.